இருபத்தோராம் நாள் புல்

காலையில் வெட்டிய புல்லுக்கு ஒரு வாசனை, மத்தியானம் வெட்டிய புல்லுக்கு ஒரு வாசனை. டவுன்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மத்தியானப் புல் லேசாகப் புளிக்கும். மாடு அதை ஆசையாகத் தின்னும், ஆனால் பால் ஒரு கரண்டி குறையும். இதையெல்லாம் எழுத உங்கள் பாரத்தில் இடமில்லை, தெரியும். சும்மா சொன்னேன்.

பென்சிலை உள்ளே வையுங்கள் ஐயா. பேனாவில் எழுதுங்கள். பென்சிலில் எழுதுகிறவன் பிறகு அழிப்பதற்காகத்தான் எழுதுகிறான். எங்கள் ஆபீசில் கணக்கு எழுதுகிற பழைய கிராணி, வேலைக்கு வந்தவர்கள் பெயரெல்லாம் பென்சிலில்தான் போடுவார். மாதக் கடைசியில் பார்த்தால் பாதிப் பேர் அந்த மாதம் உலகத்திலேயே இருந்திருக்க மாட்டோம்.

நீங்கள் கால்நடை இலாகாவிலிருந்து வந்திருக்கிறீர்கள். என் புல்லுக்கு ஒரு பெயர் வைத்து, பத்திரம் எழுதி, மற்ற தோட்டங்களுக்கும் கொடுக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் போன வாரம் உங்கள் ஆள் ஒருவர் வந்து, 'எங்கிருந்து கிடைத்தது' என்ற இடத்தில் 'தானாக முளைத்தது' என்று எழுதிக்கொண்டு போனார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் உங்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அந்தப் புல் தானாக முளைக்கவில்லை. நான் முளைக்க வைத்தேன். எப்படி என்று முழுவதும் சொல்லிவிடுகிறேன். கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலம் முடிந்துவிட்டது என்று போன மாதம்தான் மலாக்காவில் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். இனி சொல்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பெயர் தம்புசாமி. படிப்பு மூன்றாம் வகுப்பு. மெர்லிமாவிலிருந்து உள்ளே நாலு மைலில் இருக்கிற இந்தப் புக்கிட் டூரி ரப்பர் தோட்டத்தில்தான் முப்பத்தொரு வருஷமாக மாட்டுக் கொட்டகையைப் பார்க்கிறேன். துரை வீட்டுப் பால்மாடு பதினொன்று. லயத்து வீடுகளில் இருக்கிற கூலி ஜனங்களின் மாடு எப்போதும் இருபதுக்குக் குறையாது. அத்தனை வாய்க்கும் புல் வெட்டிக் கொண்டுவருவது என் வேலை.

புல் எவ்வளவு உயரம் போகும் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் அதைப் பார்ப்பதில்லை. வெட்டிய பிறகு முதல் பன்னிரண்டு நாளில் எவ்வளவு எழுந்தது என்று பார்ப்பேன். மாடு பட்டினி கிடப்பது அந்த நாட்களில்தான். பிறகு எவ்வளவு வளர்ந்து என்ன? ஜப்பான்காரன் போனதற்கு மறு வருஷம் என்று நினைக்கிறேன், கொட்டகைச் சாணித்தண்ணி ஓடுகிற கானோரம் ஒரு கினிப்புல் தூரைப் பார்த்தேன். பக்கத்துத் தூரெல்லாம் மூன்று விரல் எழுந்திருக்க, அது மட்டும் ஒரு சாண் எழுந்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தூரைப் பிரித்து நட்டால் தாய் எப்படியோ பிள்ளையும் அப்படித்தான். அதைவிட வேகம் வேண்டுமென்றால் விதை எடுத்து விதைக்க வேண்டும். நூறு விதையில் தொண்ணூற்றொன்பது தாயைவிட மட்டமாக வரும். ஒன்று தாயை மிஞ்சும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிப் போட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ரப்பர் பால் பிடிக்கிற மங்குகளில் உடைந்ததை ஸ்டோரிலிருந்து பொறுக்கி வந்து, மங்குக்கு ஒரு விதை போட்டு, பன்னிரண்டாம் நாள் விரலால் அளப்பேன். பின்தங்கியதை அன்றைக்கே பிடுங்கிவிடுவேன். ஒருதரம் என் வீட்டுக்காரி குஞ்சம்மா, நல்ல கரும்பச்சையாக ஒன்று இருக்கிறது, பாவம், அதை மட்டும் விட்டுவைக்கச் சொன்னாள். இரண்டு விரல் குறைச்சல். பிடுங்கினேன். பாவம் பார்த்துப் பார்த்துத்தான் இந்த உலகத்தில் எல்லாப் புல்லும் மெதுவாக வளர்கிறது.

இப்படி விதை எடுத்து, விதைத்து, பிடுங்கி, ஐந்து சுற்று. சுற்றுக்கு ஒரு வருஷம். சர்க்கார் ஆள் ஒருவர் இடையில் வந்து உயர்ந்த ஜாதி விதை என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். அதைப் பருத்திக்கொட்டையோடு சேர்த்து மாட்டுக்கே வைத்துவிட்டேன். சும்மா கொடுக்கிற ஆளை எனக்குப் பிடிக்காது.

அப்புறம் வேலி வந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுக்கக் கூடாது என்று, மூன்று டிவிஷன் லயத்தையும் பிரித்துக்கொண்டு வந்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்ளுக்கம்பி போட்டார்கள். காலையில் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோக முடியாது. தேறிய தூரை நட்டு விதை எடுக்கிற என் புல் நிலம் வேலிக்கு நாற்பது கஜம் வெளியே போய்விட்டது. சுடுவதற்குத் தோதாக இருக்க வேண்டுமாம், யந்திரத்தை விட்டு வழித்து எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் சுற்றில் தேறிய மூன்று தூரை மட்டும் சாக்கில் சுற்றி உள்ளே கொண்டுவந்தேன். கேட்டில் இருந்த போலீஸ்காரன், நாங்கள் மாத்தா என்போம், சாக்கைப் பிரித்துப் பார்த்து, புல்லா என்று கேட்டான். புல் என்றேன். தள்ளிவிட்டான்.

மங்கில் வளரும் புல்லுக்குக் கதிர் வராது. அது மண்ணில் இறங்க வேண்டும், வெயில் வேண்டும், ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது. வேலிக்குள் அப்படி ஒரே இடம்தான் இருந்தது. வேலியை ஒட்டி உட்பக்கமாகப் பதினைந்து அடி அகலத்துக்குச் சுற்றிலும் வெறும் தரையாக வைத்திருந்தார்கள். ஆள் பதுங்க முடியாதபடி அங்கே புல் கணுக்காலுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். அந்த இடத்துக்குப் பொறுப்பு வீரப்பன்.

வீரப்பனைப் பற்றிக் கெட்டவிதமாக எதுவும் எழுதாதீர்கள். நல்லவன். இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவன். முப்பது வயசு இருக்கும், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். வேலி சுற்றளவு ஒன்றரை மைல். நீளக் கத்தியை வீசி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வெட்டிக்கொண்டே போவான். விட்ட இடத்தில் வேலிக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைப்பான். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவர இருபத்தோரு நாள் ஆகும். இருபதும் இல்லை, இருபத்திரண்டும் இல்லை. அவன் சம்சாரம் இருசம்மாளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த அன்றைக்கு மட்டும் பத்து மணிக்கு வந்தான். வந்தவன் அன்றைய பங்கை முடித்துவிட்டுத்தான் பிள்ளை முகத்தைத் திரும்பப் பார்க்கப் போனான். அவன் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் தவறாது. அந்த மாதிரி ஆட்களிடம் ஒன்றும் பேச முடியாது.

கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற மூலையில் இரண்டு தூரை நட்டுவிட்டு அவனிடம் போய்க் கேட்டேன். கேட்டது இவ்வளவுதான்: அந்த மூலையில் நாலு கஜத்தை மட்டும் ஒரு சுற்று வெட்டாமல் விடு. கதிர் முற்றி விதை விழ முப்பத்து மூன்று நாள் ஆகும். உன் இருபத்தோரு நாளுக்கு மேல் பன்னிரண்டு நாள். அவ்வளவுதான்.

"ஆர்டர் மாமா. நான் என்ன செய்ய? துரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, நான் விட்டுடறேன்" என்றான்.

துரையிடம் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. கேட்டால் என்ன நடக்கும்? துரை கிராணியிடம் சொல்வார். கிராணி ஒரு கடுதாசி எழுதுவார். கடைசியில் அந்தப் புல் கிராணியின் மச்சான் பெயரில் இருக்கும். நான் கேட்கவில்லை.

இருபத்தோராம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். இரண்டு தூரும் தரையோடு தரையாக இருந்தன. வெட்டின புல்லை அவன் வீணாக்கவில்லை, அழகாகக் கட்டி என் கொட்டகை வாசலிலேயே வைத்திருந்தான். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டுவிட்டு, "புல்லுதான மாமா, திரும்ப முளைக்கும்லா" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்கு அது புல்தான்.

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது என்று எழுத வேண்டாம். கோபத்தில் செய்கிறவன் அன்றைக்கே செய்வான். நான் ஏழு மாதம் காத்திருந்தேன். மிச்சமிருந்த ஒரே தூரை மங்கில் வைத்துத் தேற்றி, பிரித்து, மறுபடி தேற்றி, முப்பது தூராக்கினேன். ஐம்பத்திரண்டாம் வருஷம் நவம்பர் மழை பிடித்தபோது, வீரப்பன் அந்த மூலையை வெட்டி முடித்துத் துணியைக் கட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலம் நாலு மணிக்கு முப்பதையும் நட்டேன். துணி கட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். கல்யாணப் பெண்ணுக்குத் தாலி கட்டுகிற மாதிரிக் கட்டுகிறாயே என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

ரோந்து வருகிற மாத்தாக்கள் பார்க்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். அந்த மூலையில் சாணித்தண்ணி தேங்கும். பூட்ஸ் கெட்டுவிடும் என்று முனியாண்டி கோயில் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலாயா தேசத்தைக் காப்பாற்ற இங்கிலாந்திலிருந்து கப்பலில் துப்பாக்கி வந்திறங்கியது. ஆனால் என் கொட்டகைச் சாணி அதை முனியாண்டி கோயிலோடு நிறுத்திவிட்டது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தது. பன்னிரண்டாம் நாள் நாலு சாண். பதினெட்டாம் நாள் என் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்படி ஒரு பச்சையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள், முதல் பன்னிரண்டு நாளில் நாலு சாண்.

இருபதாம் நாள், அதாவது வீரப்பன் அந்த மூலைக்கு வந்துசேர ஒரு நாள் இருக்கும்போது, வேலியோரம் புல் மண்டிக் கிடப்பதாக யாரோ ஆபீசில் சொல்ல, கிராணியும் நாலு மாத்தாக்களும் வந்து பார்த்தார்கள். புல்லை விலக்கினால் பின்னால் வேலிக் கம்பி இரண்டு வரிசை அறுபட்டு, ஓர் ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு வளைந்திருந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பால் டின். அதில் அரிசி. மலாக்காவுக்கு டெலிபோன் போனது. மத்தியானத்துக்குள் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் ஜீப்பில் வந்துவிட்டார்.

மூலைக்கு அந்தப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்த வீரப்பனுக்கு ஆள் அனுப்பினார்கள். கையில் கத்தியோடு அவன் ஓடிவந்ததைப் பார்த்து இரண்டு மாத்தாக்கள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்திருக்கிறான். கத்தியைப் பிடுங்கிக்கொண்டு கையைப் பின்னால் கட்டினார்கள். இருபது நாளைக்கு முன்னால்தான் இந்த இடத்தை வெட்டினேன் என்று அவன் சொன்னான். ஆபீசர் தன் பிரம்பைப் புல்லுக்குள் குத்தி நிறுத்தினார். பிரம்பு மறைந்துவிட்டது. அவர் சிரித்தார். இரண்டு மாதமாக இந்த மூலையை வெட்டாமல் மறைவு வளர்த்து, உள்ளேயிருந்து அரிசி கடத்தியிருக்கிறான் என்று சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது கிராணிக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. வெள்ளைக்காரன் சொல்கிற எதையும் தமிழில் சொல்ல அவருக்குச் சந்தோஷம்தான்.

அப்புறம் ஆபீசர், இந்தத் தோட்டத்தில் புல்லைப் பற்றித் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது பேர் நின்ற இடத்தில் ஒரு துரைமார் ஆள் என்னைப் பார்த்து விவரம் கேட்டது அதுதான் முதல் தடவை. புல் இந்த உயரத்துக்கு வர எத்தனை நாள் ஆகும் என்றார்.

நான் யோசித்துத்தான் சொன்னேன். "சாதாரணப் புல்லுன்னா ரெண்டு மாசம் ஆகுங்க" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நீங்களே உங்கள் இலாகாப் புஸ்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இது சாதாரணப் புல்லா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீரப்பன் என்னையே பார்த்தான். "மாமா, நான் வெட்டினதை நீங்க பாத்தீங்க. துணி கட்டறப்போ பக்கத்துல நின்னீங்க. தாலின்னு சொன்னீங்க மாமா" என்றான். கத்தவில்லை. வழி தெரியாத இடத்தில் ஒருவரிடம் வழி கேட்கிற மாதிரிக் கேட்டான். நான், வயசாகிவிட்டது, எந்த நாள் என்று ஞாபகமில்லை என்றேன். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று.

கொண்டுபோனார்கள். எமர்ஜென்சி சட்டத்தில் கோர்ட்டு, வக்கீல் என்று இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு கையெழுத்து போதும். வேறு எந்த விஷயத்திலும் சர்க்கார் அவ்வளவு சுருக்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை. முதல் பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள் ஐயா, புல்லின் கதை இனிமேல்தான் இருக்கிறது.

அந்தப் புல்லை அன்றைக்கே வெட்டி எரித்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. அது சாட்சிப் பொருள். மலாக்காவிலிருந்து படம் பிடிக்கிற ஆள் வரும்வரை ஓர் இலையைக்கூடத் தொடக் கூடாது என்று ஆபீசர் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். ஹாஷிம் என்று ஒரு மாத்தா, பாயா ரும்புட் பக்கத்துப் பையன், பகல் முழுவதும் துப்பாக்கியோடு நிற்பான். "எங்க அம்மாகிட்ட நான் கம்யூனிஸ்டோட சண்டை போடறேன்னு சொல்லியிருக்கேன். ஜாகா ரும்புட்னு தெரிஞ்சா சிரிப்பாங்க லா, பாக்சிக்" என்று அரைத் தமிழிலும் மலாயிலும் சொல்லி அலுத்துக்கொள்வான். ஜாகா ரும்புட் என்றால் புல்லுக்குக் காவல், பாக்சிக் என்றால் மாமா. மாடு வரவில்லை, ஆடு வரவில்லை, கத்தி வரவில்லை. இந்த உலகத்தில் எந்த ராஜா வீட்டு நந்தவனத்துக்கும் அப்படிப்பட்ட காவல் இருந்திருக்காது.

படக்காரர் அதற்கு ஒன்பதாம் நாள் வந்தார். மழை. திரும்பிப் போய்விட்டார். மறுபடி வந்தபோது, நான் நட்டதிலிருந்து நாள் முப்பத்து நாலு. கதிர் முற்றிப் பழுப்பாகத் தொங்கியது. அதற்கு முந்தின நாளே நான் ஹாஷிமுக்கு ஒரு டம்ளர் பாலைக் கொடுத்துவிட்டு, ஒரு பழைய வேட்டியைக் கதிருக்கு அடியில் விரித்து உதறி எடுத்துவிட்டேன். விதையை எடுத்தால் இலையைத் தொட்டதாகுமா என்று அவன் கொஞ்சம் யோசித்தான். ஆகாது என்றேன். இன்றைக்கு நீங்கள் பத்திரம் கொடுக்கப் போகிற புல் மொத்தமும் அந்த ஒரு வேட்டி விதையிலிருந்து வந்ததுதான்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அதற்கு முந்தின வருஷம் இரண்டாவது டிவிஷன் லயத்துப் பக்கம் வேலி அறுந்தபோது ஒரு செருப்பு கிடந்தது. சாட்சிப் பொருள் என்று அந்த ஒற்றைச் செருப்பைப் பதினாறு நாள் யாரும் தொடவில்லை. மழையில் அது காளான் பூத்தது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். வெறும் புல் மண்டிக் கிடந்தால் வீரப்பனை நாலு வார்த்தை திட்டி, அவனை வைத்தே அன்றைக்கு வெட்டிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு குற்றம் இருந்தால் மட்டும்தான் புல்லை விட்டுவைப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது பன்னிரண்டு நாள். அதனால் பத்தொன்பதாம் நாள் மத்தியானம், மாத்தாக்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில், கொட்டகைக் குறடை எடுத்துக்கொண்டு போய்க் கம்பியை நறுக்கினேன். மேல் கம்பி சுலபம். கீழ்க்கம்பி துருப்பிடித்துப் பாடாய்ப் படுத்திவிட்டது, கையில் இந்தத் தழும்பு அதனால்தான். டின்னில் வைத்த அரிசி என் பங்கு அரிசி. அதற்காக இரண்டு நாள் நானும் குஞ்சம்மாவும் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். அந்தக் கஷ்டத்தை யாரும் கேட்கப் போவதில்லை. மறுநாள் காலையில் ஆபீசில் போய்ச் சொன்னதும் நான்தான். வேறு யார் சொல்வார்கள்? அந்தப் பக்கம் யாரும் வருவதில்லையே.

வீரப்பனைப் பன்னிரண்டு நாள் பிடித்துவைத்து, விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்திருப்பேன். எனக்கு அந்தக் கணக்கில் வேண்டியது அவ்வளவுதானே. அவர்கள் ஒன்றரை வருஷம் முகாமில் வைத்துவிட்டு, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பன் சேலம் பக்கத்துக்காரன். இவன் கடலையே மலாக்காக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறான். அது சர்க்கார் செய்தது. என் பெயரில் எழுத வேண்டாம்.

இருசம்மாளும் இரண்டு பிள்ளைகளும் கூடவே போனார்கள். போகிற அன்றைக்கு லயத்தில் யாரும் வெளியே வரவில்லை. கம்யூனிஸ்டுக்காரன் குடும்பத்தோடு பேசினால் நம் பெயரும் எழுதிவிடுவார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜனங்கள் அப்படித்தான், யாரையும் நம்ப முடியாது. நான் மட்டும் கேட் வரைக்கும் போனேன். அவளுடைய பசுவைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகிறாள், அதை ஒப்புக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே.

"நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க மாமா" என்றாள். பிறகு பசுவின் கழுத்தைத் தடவிவிட்டு, "இது எல்லாப் புல்லும் தின்னாது. உங்க புல்லுதான் போடணும்" என்றாள்.

போட்டேன். நன்றாகத் தின்றது. மூன்று ஈற்று ஈன்றது. அந்த விஷயத்தில் நான் வாக்குத் தவறவில்லை.

ஐம்பத்தாறில் ஒரு கடுதாசி வந்தது. வீரப்பன் யாரையோ வைத்து எழுதியிருந்தான். அங்கே மழையில்லை, கிணறு வெட்டுகிற வேலைக்குப் போகிறான், ஊர்க்காரர்கள் அவனை மலாயாக்காரன் என்கிறார்கள், எல்லோரும் சௌக்கியம். கடைசியில் ஒன்று கேட்டிருந்தான். அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். 'மாமா, அந்த மூலையை நான் அன்றைக்கு வெட்டினேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இரண்டு மாதம் ஆகும் என்று நீங்களே சொன்ன பிறகு எனக்கே சந்தேகமாகிவிட்டது. புல் விஷயத்தில் நீங்கள் தப்பாகச் சொல்ல மாட்டீர்கள். நான் வெட்டாமல் விட்டுவிட்டேனா? உங்களுக்கு ஞாபகம் இருந்தால் ஒரு வரி எழுதவும்.'

நான் எழுதவில்லை. மூன்றாம் வகுப்புப் படித்தவன் என்ன பதில் எழுத முடியும்? வேறு யாரையாவது வைத்து எழுதச் சொன்னால் எழுதுகிறவன் ஊரெல்லாம் சொல்வான். எனக்கு எழுத வராமல் இல்லை, இந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடுவேன் பாருங்கள். ஆனால் அது வேறு, இது வேறு.

பாரத்தில் இன்னும் எத்தனை கேள்வி இருக்கிறது? விதைத் தேர்வில் உதவியவர்கள். யாரும் இல்லை என்று எழுதுங்கள். ஹாஷிம் பெயர் வேண்டுமானால் போடுங்கள், வெயிலில் நின்றான். அடுத்தது என்ன, குறைபாடுகள். இந்தப் புல்லுக்குக் குறை ஏதாவது உண்டா.

உண்டு. மறைக்க மாட்டேன். முதலில் வேகமாக ஓடுகிற புல் சீக்கிரம் முற்றிவிடும். இருபத்தோரு நாள் வரைக்கும் வெண்ணெய் மாதிரி இருக்கும். இருபத்திரண்டாம் நாள் தண்டு கட்டும். ஒரு மாதம் விட்டால் மூங்கில்தான், மாடு மோந்துவிட்டுப் போய்விடும். அந்தத் தூரும் மறு வருஷம் செத்துவிடும். மங்கிலும் மூலையிலும் வளர்த்தபோது எனக்கு இது தெரியவில்லை, முழு நிலத்தில் போட்ட பிறகுதான் தெரிந்தது. இப்போது இங்கே வேலியோரம் எல்லாம் இதுதான். வேலியைப் பிரித்துவிட்டார்கள், புல்லை ஒன்றும் செய்ய முடியவில்லை. வாரத்துக்கு ஓர் ஆளை அனுப்புகிறார்கள். ஒருவன் பதினைந்தில் வெட்டுகிறான், ஒருவன் நாற்பதில் வெட்டுகிறான். பாதி நிலம் கட்டையாக நிற்கிறது. பெரிய துரை வந்து பார்த்துவிட்டு, இதை ஏன் வளர்த்தாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அது புல்லின் குற்றம் இல்லை ஐயா, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வெட்டுகிறவன் குற்றம். இந்தப் புல்லுக்கு உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சரியாக இருபத்தோராம் நாள் கத்தியோடு வந்து நிற்கிற ஓர் ஆள் இருந்தால் போதும். இருபதும் இல்லை, இருபத்திரண்டும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். இந்தத் தோட்டத்தில் அப்படிப் பொறுப்பான மனுஷன் ஒருவன்கூட இல்லை.